மூன்றாவது பள்ளம்

எங்கள் வீடியோவில் கடைசி கேம் மெஷினுக்குப் பத்துக்கு மூன்று கொடுத்ததற்காக எங்களைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார்கள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். அதை ஆமோதிக்க ஒரு கூட்டம். சின்ன வயதிலிருந்து அந்த மெஷினை வைத்திருப்பதாகச் சொன்ன இன்னொருவர், பட்டனை அமுக்கியதும் ஆள் உடனே குதிப்பதைப் படம்பிடித்தே அனுப்பிவிட்டார். வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று நானும் மச்சானும் அன்றைக்குச் சிரித்தோம்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். டவுன் பஸ் டிரைவர். நான் ஒரு பிரஸ்ஸில் விசிட்டிங் கார்டு வடிவமைக்கிறவன். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பைத்தியம் உண்டு. அந்தக் காலத்தில் ஒரே வீடியோ கேமை ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாகத் திருப்பி எழுதி விற்பார்கள். போர்ட் என்பார்கள். 'விளக்குக்காரன்' என்ற ஆட்டத்தை எடுத்துக்கொண்டால், கேசட்டில் ஓடும் வீட்டுக் கம்ப்யூட்டரில் விளக்குப் பிடித்து ஓடும் ஆள் மரத்துக்குப் பக்கத்தில் வந்தால் அவனும் மரத்தோடு பச்சையாகிவிடுவான். உயிரும் ஒன்றே ஒன்றுதான். கார்ட்ரிட்ஜ் மெஷினில் நிறம் சுத்தம், மூன்று உயிர். ஆனால் நாலு எதிரிகள் சேர்ந்து வந்தால் பாதிப் பேர் மினுக்கி மினுக்கி மறைவார்கள். பின்னால் வந்த டிஸ்க் மெஷினில் பாட்டு பிரமாதம், அடுத்த கட்டம் வருவதற்குள் நமக்குத் தாடி வளர்ந்துவிடும். இப்படி ஆறு மெஷினைத் தேடிப் பிடித்து, ஆறு பெட்டிகளாகத் திரையில் அடுக்கி, எது தேவலை எது குப்பை என்று சொல்வதுதான் எங்கள் வேலை. விளக்குக்காரன் ஒருவனுக்கே ஒரு வருஷத்துக்கு மேல் போய்விட்டது.

அதில் மச்சான் ஒரு சட்டம் வைத்திருந்தார். எல்லா மெஷினிலும் ஒரே ஆள்தான் ஆட வேண்டும். அதே கட்டம், அதே இடத்தில் குதி. அப்போதுதான் தெரிகிற வித்தியாசம் மெஷினுடைய வித்தியாசம். "கை மாறினா கணக்கு தப்பிடும் மாப்ளே" என்பார். ஆடுவது அவர் கை. என் கை பேருக்குத்தான் கை. முதல் கட்டத்தின் மூன்றாவது பள்ளம் அகலமானது. விளிம்பில் கால் படும்போதே குதித்தால்தான் தாண்ட முடியும். மச்சான் தண்ணீர் குடிக்கிற மாதிரி அதைத் தாண்டுவார். அவர் விரலையும் தனியாக ஒரு கேமரா படம்பிடிக்கும், அதைத் திரையின் மூலையில் போடுவோம். கடைசி மெஷினில் மட்டும் அந்தப் பள்ளத்தில் விழுந்துகொண்டே இருந்தார். ஜாய்ஸ்டிக்கைக் கழற்றித் துடைத்தார். வேறொன்று வாங்கி மாட்டினார். கடைசியில், "கன்ட்ரோல் லேட்டு, குப்பை போர்ட்டு" என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டார். நானும் மூன்று என்று கொட்டை எழுத்தில் போட்டேன்.

ஆனால் அந்த ஆள் அனுப்பிய படம் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. மெஷின் என் வீட்டில்தான் இருந்தது. நானே மாட்டி ஆடிப் பார்த்தேன். அமுக்கினேன், குதித்தான். என் லட்சணத்துக்கே கொஞ்ச நேரத்தில் பள்ளத்தைத் தாண்டிவிட்டான். பிறகு பழைய படங்களை எல்லாம் எடுத்தேன். நல்லது, சுமார், குப்பை என்று வீடியோவில் அடுக்கியிருந்தவற்றை, நாங்கள் எடுத்த வரிசையில் மாற்றி அடுக்கினேன். மூலையிலிருந்த விரலைப் பெரிதாக்கினேன். முதல் மெஷினில் ஆள் விளிம்புக்கு வரும்போதே விரல் அமுங்கிவிட்டது. அடுத்ததில் துளி பிந்தி. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். ஐந்தாவதில் மயிரிழையில் தப்பியிருந்தார். கடைசியில், ஆள் விழத் தொடங்கிய பிறகுதான் விரல் இறங்கியது. இறங்குவதற்கு முன்னால் லேசாக நடுங்கியது. எந்த மெஷினும் பிந்தவில்லை.

போன மாதம் சாப்பிடும்போது மச்சான் அலுத்துக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. "வண்டில பிரேக் லேட்டா பிடிக்குது மாப்ளே. எழுதிக் குடுத்தா, மெக்கானிக் பாத்துட்டு ஒண்ணுமில்லைங்கறான். வேற வண்டி குடுன்னேன். அதுவும் அதே லட்சணம்." டிப்போக்காரன் என்றைக்கு ஒழுங்காகப் பார்த்தான் என்று நானும் ஒத்து ஊதியிருந்தேன். பஸ் நிறைய ஆட்களோடு அவர் தினமும் கடைத்தெரு வழியாகத்தான் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை, முதலில் எடுத்த அந்தக் கேசட் மெஷினைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மறுநாளைக்கு மச்சானின் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கை எப்படி இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டேன்.

"சுளுக்குங்கறார். சட்டை பட்டன் நான்தான் போட்டு விடறேன்" என்றாள். "ஏண்டா கேக்கறே?"

"சும்மாதான்க்கா."

மச்சான் குளித்துவிட்டு வந்தார். மெஷினைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இதுல இன்னொரு தடவை எடுக்கலாம் மச்சான். பக்கத்துல போன வருஷம் எடுத்ததையும் ஓட விடலாம்."

அவர் துண்டால் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஆட்டமும் அதே, மெஷினும் அதே" என்றார். "அப்ப எதை எதோட ஒப்பிடறோம்?"

சட்டம் போட்டவருக்கு, மிச்சமிருப்பது கைதான் என்பது புரியாமல் இருக்குமா? நான் ஒயரைச் சொருகுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். வேண்டாம் என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அவர் வந்து உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டார்.

கேசட் கீச்சுக்கீச்சென்று கத்தி ஓய்ந்தது. இடது பக்கம் பழைய ஆட்டம், வலது பக்கம் புதிது. இரண்டு விளக்குக்காரர்களும் ஒன்றாகக் கிளம்பினார்கள். முதல் பள்ளம் ஆயிற்று. இரண்டாவதில் வலது பக்கத்து ஆளின் குதிகால் விளிம்பைத் தொட்டு வந்தது. மூன்றாவதில் இடது பக்கத்து ஆள் தாண்டினான். மற்றவன் நேராக உள்ளே போனான். ஆட்டம் முடிந்தது என்று எழுத்து வந்தது. அதன் பிறகு மச்சானின் விரல் பட்டனை அமுக்கியது.

"ஜாய்ஸ்டிக் பழசு மச்சான்" என்றேன். "துடைச்சுப் பாக்கலாம்."

"வேண்டாம் மாப்ளே." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போன வாரம் ஸ்டாப்புல ஒரு பொண்ணு இடுப்புல குழந்தையோட குறுக்க வந்துடுச்சு. இவ்ளோதான் இருந்துது" என்று முழங்கையிலிருந்து விரல் நுனிவரை காட்டினார். "பிரேக்கு நல்லாத்தான் பிடிச்சுது. கால்தான் லேட்டு."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அன்னிக்கு ஒண்ணுமே சொல்லலையே நீங்க" என்றாள். பஸ் ஓட்டுவதை விட்டால் அவருக்கு வேறு என்ன தொழில் தெரியும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். வீடியோவை நிறுத்தக் கை நீட்டினேன்.

"நிறுத்தாத" என்றார் மச்சான். "முடியற வரைக்கும் ஓடட்டும்."

யூனிஃபார்ம் சட்டை ஒரு கைக்கு மட்டும் இஸ்திரி மடிப்பு விழுந்து மேசையில் கிடந்தது. அக்கா வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். இடது பக்கத்தில் போன வருஷத்து மச்சான் நாலாவது பள்ளத்தையும் தாண்டி, ஒவ்வொரு மரமாக வர வர அதன் பச்சை ஏறி இறங்க, விளக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்.