முதலாளி உட்பட

பாளையங்கோட்டையில் நேசையாவின் கிரில் பட்டறைக்கு நல்ல பெயர் உண்டு. அவரும் ஐந்து வேலையாட்களும், ஆபீஸ் பார்க்கிற பிரிஸில்லாவும்தான் மொத்தப் பட்டறையே. நேசையாவுக்கு அறுபது வயது. பீடி, வெற்றிலை, சாராயம் எதையும் தொட்டதில்லை. அதை ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

வெல்டர் மணிராஜ் கெட்டிக்காரன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஏற்றிக்கொள்வது திங்கட்கிழமை மத்தியானம் வரைக்கும் இறங்காது. அப்படியொரு திங்கட்கிழமையில்தான் சீவலப்பேரி நமச்சிவாயத்தின் புது வீட்டுக் கேட்டுக்கு மயில் வைத்தான். சாக்கு சுற்றி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் மாட்டிய பிறகுதான் தெரிந்தது. இடது கதவில் மயில் தோகை விரித்து நின்றது. வலது கதவில் காலை மேலே வைத்துத் தொங்கியது.

நமச்சிவாயம் போனில் கத்தவில்லை. "அண்ணாச்சி, நான் ரெண்டு மயிலு கேட்டேன். நீங்க ஒரு மயிலும் ஒரு வவ்வாலும் தந்திருக்கீய," என்று மட்டும் சொன்னார்.

அதைக்கூட நேசையா பொறுத்திருப்பார். அவர் போனை வைக்கவும், மணிராஜ் கையிலிருந்து கிரைண்டர் நழுவவும் சரியாக இருந்தது. அது பக்கத்தில் நின்ற வேலையாள் கொம்பையா கட்டியிருந்த சாரத்தை முழங்காலிலிருந்து இடுப்பு வரைக்கும் கிழித்துக்கொண்டு போய் விழுந்தது. கொம்பையா குனிந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் வாயில் அடக்கியிருந்த புகையிலையை அதிர்ச்சியில் விழுங்கிவிட்டார். ஒரு மணி நேரம் வாந்தி எடுத்தார்.

நேசையா கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கினார். அப்போதே பிரிஸில்லாவைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். "இனிமே பட்டறைக்குள்ள புகையிலை, குடி, ஒரு மண்ணும் கிடையாது. குடிச்சிட்டு வாரவன் அந்த நிமிசமே வேலைய விட்டுப் போயிரணும்."

"விரட்டினா எவனும் உண்மையச் சொல்ல மாட்டான், அண்ணாச்சி. ஒளிச்சுக் குடிச்சிட்டு வந்து மெஷினத் தொடுவான்," என்றாள் பிரிஸில்லா. "மாட்டுனா அன்னைக்கு மெஷின் பக்கம் போகக்கூடாது. ஆஸ்பத்திரியில குடிய விடுறதுக்கான ஆலோசனைக்குப் போயி சீட்டு வாங்கிட்டு வரணும். அப்படி வைப்போம்."

நேசையா யோசித்தார். "சரி, வையி. எல்லாருக்கும்னு போடு. முதலாளி உட்படன்னு பெருசா போடு."

அந்த இரண்டு வார்த்தை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எல்லாரும் கையெழுத்துப் போட்ட தாளை மெயின் சுவிட்ச் பக்கத்தில் ஒட்டினார்கள். வாயால் ஊதிப் பார்க்கிற கருவியும் ஆன்லைனில் வந்து சேர்ந்தது.

அடுத்த திங்கட்கிழமை மணிராஜ் ஊதினான். கருவி கீச்சென்றது. அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டோடு வந்தான். நேசையா அவனை உட்காரவைத்து, விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதை முக்கால் மணி நேரம் விளக்கினார்.

புதன்கிழமை காலையில் கொம்பையா கேட்டார். புகையிலைக்குப் பதிலாக அவர் இப்போது நாள் முழுக்கச் சோம்பை மென்றுகொண்டிருந்தார். அதனால் யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. "அண்ணாச்சி, நீங்க மட்டும் இன்னும் ஊதலையே."

நேசையா சிரித்துக்கொண்டே ஊதினார். கீச்.

பட்டறையில் வெல்டிங் சத்தம் நின்றது. "மெஷின் கெட்டுப்போச்சு," என்றார் நேசையா. மணிராஜ் ஊதிக் காட்டினான். சத்தமே இல்லை.

பிரிஸில்லா கருவியோடு வந்த குறிப்பைப் படித்தாள். "வாயில எதும் பட்டிருந்தாக்கூட காட்டுமாம். கொப்புளிச்சிட்டு இருபது நிமிசம் கழிச்சு ஊதணும்."

இருபது நிமிடமும் ஒருத்தரும் வேலை செய்யவில்லை. நேசையா ஊதினார். கொஞ்சம் பைய, ஆனாலும் கீச்.

வேலைச் சத்தம் நின்றுபோனதைக் கவனித்து, பட்டறைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து அவர் மனைவி ஜெபகனி வந்தாள். "அவுக என்னத்தக் குடிச்சாக? வாயுவுக்கு அரிஷ்டம்தான் குடிச்சாக," என்று பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினாள். பிரிஸில்லா அதன் பின்பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வாசித்தாள். "தானாக உண்டாகும் ஆல்கஹால், பன்னிரண்டு சதவீதம் வரை."

"பீரே அஞ்சாறுதான் அண்ணாச்சி," என்றான் மணிராஜ், மரியாதையாக.

நேசையா சுவரைப் பார்த்தார். தடித்த எழுத்து அவரைப் பார்த்தது. "ஏலே, வண்டிய எடு," என்றார் மணிராஜிடம்.

ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற சாரம்மாள் சிரிக்காமல் கேட்டாள். "எத்தனை வருசமா, ஐயா?"

"பதினோரு வருசம்."

"அளவு கூடியிருக்கா?"

"ரெண்டு மூடியில ஆரம்பிச்சேன். இப்ப அரை டம்ளர்."

"ஒருநா குடிக்கலன்னா?"

"எரிச்சலா வரும். வேலையாளுகள ஏசுவேன்."

"வீட்டுல கண்டிக்கலையா?"

"அவதாம்மா ஊத்தித் தாரா."

சாரம்மாள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். வாயுவுக்கு வேறு மருந்து கேட்க டாக்டரிடம் அனுப்பினாள். வெளியே வரும்போது மணிராஜ், "எனக்கும் இதே கேள்விதான். பதிலும் கிட்டத்தட்ட இதேதான்," என்றான். நேசையாவுக்கு முந்தாநாள் செய்த முக்கால் மணி நேர உபதேசம் நினைவுக்கு வந்தது. காது சுட்டது.

அரிஷ்டம் இல்லாத முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. காலையில் பட்டறையைத் திறக்கும்போது பாடுகிற ஞானப்பாட்டு நின்றுபோயிற்று. ஒரு ஜன்னல் கம்பியை அளவு தப்பி அவரே இரண்டு முறை வெட்டினார். பதினொரு மணிக்கு அவர் முகம் மாறுவதைப் பார்த்தால் மணிராஜ் கையுறையைக் கழற்றிவிடுவான். "வாங்க அண்ணாச்சி, குடிக்கணும்னு எனக்கும் இப்பதான் வருது." இருவரும் தெருமுனைக்கு நடந்துபோய் இஞ்சி டீ குடித்துவிட்டு வருவார்கள். போகும்போது இருவருக்கும் நடை வேகமாக இருக்கும். வரும்போது மணிராஜ் மகளின் படிப்பைப் பற்றிப் பேசுவார்கள். நமச்சிவாயத்தின் இரண்டாவது மயிலை அந்த மாதத்தில்தான் அறுத்து நிமிர்த்தி வைத்தார்கள்.

இரண்டரை மாதம் கழித்து, பட்டறை ஆட்கள் எல்லாரும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மறுநாள், மணிராஜ் கருவியைத் தொடாமல் நேரே ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தான். "இன்னைக்கு நான் ஊதல, அண்ணாச்சி. மெஷின் பக்கமும் போகல."

நேசையா ஏசவில்லை. அவன் தானாக வந்து சொன்னது அவருக்கு ஏதோ செய்தது. அவரே ஸ்கூட்டரை எடுத்தார். பின்னால் மணிராஜ் உட்கார்ந்துகொண்டான்.

சாரம்மாள் இருவரையும் பார்த்துவிட்டுப் பழைய தாள்கள் இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தாள். "இந்தத் தடவ யாரு?"

"இவன்தாம்மா," என்று நாற்காலியை இழுத்துப்போட்டார் நேசையா. "ஆனா ரெண்டு பேரையும் கேளுங்க. நானும் நேத்து கல்யாண வீட்டுல பாயாசத்த ரெண்டு தடவ மோந்து பாத்துட்டுத்தான் குடிச்சேன்."