தூக்கம் சாப்பிடும் வீடு

கொழுமங்கரையில், மாதவிலக்கு நின்ற பெண்களின் தூக்கம் வீட்டைவிட்டுக் கிளம்பி வேறொரு வீட்டில் போய்த் தங்கிக்கொள்ளும். சண்டை போட்டுக்கொண்டு போவதில்லை. தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முன்வாசல் வழியாக, பகல் வெளிச்சத்திலேயே போகும். பண்புள்ள தூக்கங்கள் கேட்டைச் சாத்திவிட்டுப் போவதும் உண்டு. எல்லாம் நாலைந்து தெருவுக்குள்தான் இருக்கும். நெடுந்தொலைவு நடப்பது தூக்கத்தால் ஆகாது. பாதி வழியில் அதற்கே கண் சொக்கிவிடும்.

கருணாம்பிகையின் தூக்கம் ஆடி மாதத்தில் கிளம்பியது. அவள் அப்போது வாசலில் சின்ன வெங்காயம் காயவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கையில் அது தெருவில் இறங்கியிருந்தது. பத்தொன்பது வயதில் அவளுக்கு இருந்த அதே பின்னல், அதே தோள், காலில் செருப்பில்லை. வெளியூருக்குப் போகிறவர்கள் செய்வதைப் போல வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

"வெயிலா இருக்குது. ஓரமாப் போ" என்று மட்டும் அவள் சொன்னாள்.

மாலையில் கடையிலிருந்து வந்த கணவர் நாச்சிமுத்துவுக்குச் சொல்லாமலே தெரிந்துவிட்டது. அவர் பேருந்து நிலையத்தின் அருகில் பழுதான மோட்டார்களுக்குச் சுருள் சுற்றிக் கொடுப்பவர். எது ஓடும், எது நின்றுவிட்டது என்பதை ஓசையிலேயே அறிவார்.

"போயிருச்சா?"

"போயிருச்சுங்."

"நம்ம வீட்ல எப்பவும் எல்லாமே தாமசந்தான். எதுத்த வீட்டம்மாளுது போன வருசமே போயிருச்சு."

அதன்பின் கருணாம்பிகையின் நெஞ்சிலிருந்து ஒரு வெப்பம் அடிக்கடி கிளம்பியது. இட்லிக் குண்டாவின் மூடியைத் திறந்தாற்போல் முகத்தில் அடித்துவிட்டு, கழுத்து வழியே வியர்வையாக இறங்கியது. கணவர் முறுக்கு மெல்லும் ஓசை கேட்டால் அவரைக் கடைக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று தோன்றும். அடுத்த நொடியே, அவருடைய சட்டைக் காலர் நைந்திருப்பதைக் கண்டு அழுகை வரும். இவற்றையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். தூக்கத்தின் பிரிவைத்தான் பொறுக்க முடியவில்லை. படுக்கையில் அது படுத்திருந்த பக்கம் ஒரு பள்ளம் இருந்தது. காலையில் போர்வையை உதறும்போது அந்தப் பள்ளம் கலையாமல் பார்த்துக்கொண்டாள்.

"என்றத வேணா வாங்கிக்க" என்றார் நாச்சிமுத்து. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் எனக்கு வேண்டியதில்ல."

அவள் இரவல் வாங்கிப் பார்த்தாள். அளவு பெரிது, தோளில் நிற்காமல் வழிந்தது. உள்ளே இருந்த கனவுகளெல்லாம் செம்புக் கம்பி பற்றியவை. எழுந்தபோது கைவிரல்களில் வார்னிஷ் வாடை வீசியது. மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அம்மாவின் தூக்கமும் இப்படித்தான் ஒருநாள் போனது. அம்மாவின் வீடு அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி இருந்தது. அந்தக் காலத்தில் பெண்கள் தங்கள் தூக்கத்தைத் தேடிக்கொண்டு தெருவில் இறங்கும் வழக்கம் இல்லை. அம்மா வீட்டுக்குள்ளேயே தேடினாள். அடுக்களையில் ஒவ்வொரு பாத்திரத்தின் மூடியாகத் திறந்து பார்த்துவிட்டு, ஓசைப்படாமல் மூடுவாள். அரிசிப் பானை, பருப்புச் சம்படம், மோர்க் கலயம். கண்ணை மூடும் நாள்வரை திறந்தும் மூடியும் கொண்டிருந்தாள்.

கருணாம்பிகை தெருவில் இறங்கினாள். அந்தி சாயும் நேரத்தில் சன்னல்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மருந்துக்கடைக்காரர் வீட்டு ஊஞ்சலில் யாருடைய தூக்கமோ ஒன்று காலை மடக்கிப் படுத்திருந்தது. நூலகத்தின் படிக்கட்டில் இன்னொன்று, செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு. இரண்டும் அவளுடையவை அல்ல. தன்னுடையது வலப்பக்கம் ஒருக்களித்துத்தான் படுக்கும்.

கடைசியில் அது தையற்காரி ஷமீமாவின் வீட்டில் இருந்தது.

ஷமீமா, அவளைவிட எட்டு வயது மூத்தவள், தனியாக இருப்பவள். அவளுடைய தூக்கம் போய்த் திரும்பிப் பல காலம் ஆயிற்று. கருணாம்பிகை உள்ளே போனபோது தையல் இயந்திரத்துக்கு உறை போட்டாகிவிட்டது. பாயை விரித்து, ஷமீமாவும் அவளுடைய தூக்கமும் வந்து தங்கிய இரண்டு தூக்கங்களும் வட்டமாக உட்கார்ந்து ராகிக் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கீரைக் கடைசலில் களியைத் தோய்த்து விழுங்கிய ஒன்று தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. பின்னலை முன்னால் போட்டிருந்தது.

"வா அம்மணி. உன்றதுதான்" என்றாள் ஷமீமா. "ஒரு தொந்தரவும் இல்ல. தின்ன தட்டக் கழுவிக் கவுத்தி வெச்சுருது. நீ வளத்த வளப்பு."

"கூட்டிட்டுப் போகலாங்களா அக்கா?"

"அதுக்கு மனசிருந்தாக் கூட்டிட்டுப் போ. நான் என்ன கட்டிப் போட்டா வெச்சிருக்கறேன்?"

தூக்கம் மறுக்கவில்லை. மறுநாள் பொழுது சாய்ந்ததும், அழைத்த வீட்டுக்கு வருவதுபோல் வந்தது. கருணாம்பிகை காலையிலிருந்தே அடுப்படியில் நின்றிருந்தாள். நெய் மிதக்க அரிசிம்பருப்புச் சாதம், தேங்காய்ப்பாலோடு சந்தகை, கச்சாயம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் செய்து, நுனி இலை போட்டு, அதைக் கணவருக்கு அருகில் உட்காரவைத்தாள். தான் கரண்டியோடு அடுப்பின் பக்கத்தில் நின்றாள்.

தூக்கம் இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டது.

"இன்னொரு கச்சாயம் வெக்கட்டுமா?"

அது கரண்டியைப் பார்த்தது; பிறகு அவளுடைய கால்களைப் பார்த்தது. நாச்சிமுத்து தன் இலையை முடித்துவிட்டு அதன் இலையையும் முடித்தார். எதுவும் உண்ணாமலேயே தூக்கம் கையைக் கழுவிக்கொண்டது. தலையணையை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அதன்பின் கருணாம்பிகை அடிப்பிடித்த சோற்றை ஊறுகாயோடு பிசைந்து, குண்டாவிலிருந்தே, நின்றபடி தின்றாள்; மேலே ஒரு தம்ளர் காபியும் குடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இரவு உணவு அப்படித்தான். அதைச் சாப்பிடுவது என்று அவள் நினைத்ததே இல்லை; பாத்திரம் ஒழிப்பது என்றே நினைத்திருந்தாள்.

அடுத்தடுத்த வாரங்களில் பணியாரம், பால்கோவா, பிரியாணி என்று செய்து மறுபடியும் அழைத்தாள். தூக்கம் மறுபடியும் வந்து, கையைக் கழுவிக்கொண்டு போயிற்று. நாச்சிமுத்துவின் இடுப்புப் பட்டையைத் தளர்த்த இன்னும் ஒரு துளை போடவேண்டியதாயிற்று.

"எனக்கு அது வேணுங்க அக்கா" என்றாள் அவள், ஷமீமாவின் வாசற்படியில் நின்று. "வேறென்ன ஆக்கிப் போடறதுன்னே தெரியல."

ஷமீமா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள். "அது இருக்கட்டும். நீ என்ன தின்ன?"

"நானா? நான் எல்லா வேலையும் முடிச்சுப்போட்டு, கடைசியா..."

"நின்னுட்டேவா?"

"ஒரு வாய்தானுங்களே."

"அது உன்ற தூக்கம் அம்மணி, உன்ற சம்பந்தி இல்ல. விருந்து வெச்சா மரியாதைக்கு வந்துட்டுப் போகும். நீ உக்காந்து தின்னாத்தான் அதுக்குத் தொண்டையில எறங்கும்."

"உக்காந்து என்ன திங்கறது?"

"திங்கறதத் தின்னு. களி, கீரை, கொள்ளுப் பருப்பு, மோரு. பொழுதிருக்கவே தின்னுரு. காபிய மத்தியானத்தோட நிறுத்து. எள்ளுருண்டை இருந்தா ஒண்ணு. ஒண்ணுன்னா ஒண்ணுதான்."

அன்று மாலை கருணாம்பிகை களி கிண்டினாள். முருங்கைக் கீரையை வதக்கினாள். ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். முழங்கால்கள் தங்களை எதற்கு மடக்கினார்கள் என்று விளங்காமல் இருந்தன. தனக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, முதல் உருண்டையை எடுத்து வாயில் போட்டாள். அது சுட்டது. தான் கிண்டும் களி சூட்டில் இப்படி இருக்கும் என்று இத்தனை காலமும் மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

நாச்சிமுத்து வந்து, நிலைப்படியிலேயே நின்றார்.

"உடம்புக்கு ஆகலையா?"

"சாப்பிடறனுங்."

அவர் அலமாரியில் இருந்த தம் தட்டைப் பார்த்தார். "அப்ப எனக்கு?"

"அடுப்பு மேல இருக்குது."

அவர் போய்ப் பாத்திரங்களைத் திறந்து பார்த்தார். எதில் எது இருக்கிறது என்பது அவருக்குப் புதுச் செய்தி. தாமே போட்டுக்கொண்டு, பருப்பைக் கொஞ்சம் தரையிலும் போட்டுவிட்டு, எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சூடா இருக்குது" என்றார்.

"ஆமாங்" என்றாள் அவள். "இருக்குது."

அன்று தூக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கவிழ்த்த தட்டைக் கவிழ்த்தபடியே எடுத்து வைத்தாள். ஒருநாள் களியின் நடுவே அந்த வெப்பம் வந்தது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, அது போகும்வரை காத்திருந்து, பிறகு மீதியைத் தின்றாள். இன்னொரு நாள் காரணமில்லாமல் அழுகை வந்தது. நாச்சிமுத்து அவள் தம்ளரில் மோர் ஊற்றினார். மாலைக் காபி இல்லாத நாலு மணிப் பொழுதுகள் நீளமானவை. அவற்றின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் எள்ளை வறுத்தாள். தெருவில் வெறுங்கால் ஓசை கேட்கும்போதெல்லாம் கை தானாக அந்தத் தட்டைத் தொட்டது. பள்ளம் படுக்கையில் அப்படியே இருந்தது.

கார்த்திகை பிறந்ததும் ஷமீமா காய்கறி வண்டியருகே அவளைப் பிடித்து நிறுத்தினாள்.

"நேத்து உன்றது கேட்டுச்சு, அவுங்க ஊட்டுல இன்னைக்கி என்ன கீரைன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்ன கண்டேன், போயிப் பாத்துக்கன்னுட்டேன்."

அன்றும் முருங்கைக் கீரைதான். கருணாம்பிகை உட்கார்ந்திருந்தாள். நாச்சிமுத்து மோரைக் கடைந்து கொண்டுவந்தார். கேட் திறந்து சாத்தும் ஓசை கேட்டது. தூக்கம் உள்ளே வந்தது; தலையணையை அதன் இடத்தில் வைத்தது; கவிழ்த்திருந்த தட்டை நிமிர்த்தி, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அவள் ஒரு வாய் எடுத்தாள். அதுவும் ஒரு வாய் எடுத்தது.

கேட் மறுபடியும் திறந்து மூடிக்கொண்டது.

வந்தது வேறொரு தூக்கம். மூத்தது. தலையணை தட்டையாகி, உறை நைந்து, பஞ்சு வெளியே தெரிந்தது. யாரையும் பார்க்காமல் நேரே அடுக்களைக்குள் போயிற்று. ஒவ்வொரு பாத்திரத்தின் மூடியாகத் திறந்து பார்த்துவிட்டு, ஓசைப்படாமல் மூடியது.

"இது யாருது?" என்றார் நாச்சிமுத்து.

"அம்மாவோடது."

அவர் நகர்ந்து இடம் விட்டார். "களி பத்துமா?"

"பத்தாதுங். இன்னும் கொஞ்சம் கிண்டோணும்."

"நீ உக்காரு" என்று அவர் மாவுச் சம்படத்தை எடுக்க எழுந்தார்.

கருணாம்பிகை தன் இடப்பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டாள். மூத்த தூக்கம் அதன்மேல் உட்காரத் தெரியாமல் சிறிது நேரம் நின்றது. பிறகு உட்கார்ந்து, மூன்று தட்டுக் களி தின்றது.

எச்சில் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்ததும், அவள் படுக்கையை உதறி விரித்தாள். தன்னுடைய தூக்கம் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, முறைக்குக் காத்திருந்தது. அதற்கு இனி அவசரம் ஒன்றுமில்லை. அன்று அவள் முதலில் அம்மாவின் தூக்கத்தைத் தூங்கினாள். அளவு சரியாக இருந்தது. உள்ளே ஒரே ஒரு கனவுதான்: ஆவி பறக்கும் ஒரு தட்டு, உட்கார ஒரு பலகை.