இருபத்துநான்காவது பட்டம்

என் அக்கா புருஷன் தர்மராஜ் ஜென்மத்தில் டென்னிஸ் மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் அந்த செர்பியாக்காரர் எத்தனை கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தார், எந்த ஊரில், யாரை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சொந்தக் கல்யாண நாளைக் கேட்டால் முழிப்பார்.

அந்த ஆளுக்காக வீட்டில் ஒரு சட்டமே இருந்தது. 2023 ஜூனில் பாரிஸில் அவர் இருபத்துமூன்றாவது பட்டம் ஜெயித்தபோது, குழலி அக்கா ஹாலில் ஃப்ரிட்ஜ் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அதோடு அந்த இடம் ராசியாகிவிட்டது. பெரிய மேட்ச் என்றால் அக்கா அங்கேதான் உட்கார வேண்டும், கீரை இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதற்கு முன்பே, 2021-இல், அவர்கள் மகள் யாழினி ஹாலில் இருந்த ஒரு நாள் அந்த ஆள் நியூயார்க் ஃபைனலில் தோற்றுப்போனார். அன்றிலிருந்து அவளுக்கு உள் அறைதான். கிரிக்கெட்டுக்கு எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்துதானே என்று நானும் சிரித்திருக்கிறேன். அக்காவும் சிரிப்பாள். "நான் எழுந்தா அங்க பந்து வெளிய போயிடுமாம்டா பாலு" என்பாள்.

பாரிஸுக்கு அடுத்த மாதமே விம்பிள்டன் ஃபைனல் வந்தது. ஜெயித்தால், மார்கரெட் கோர்ட் அம்மாள் ஐம்பது வருடமாக வைத்திருக்கும் இருபத்துநான்கைத் தொட்டுவிடலாம். ஃபெடரரின் எட்டு விம்பிள்டனையும் தொடலாம். எதிரே இருபது வயது ஸ்பெயின் பையன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா நாற்காலியில், அக்கா ஃப்ரிட்ஜ் ஓரத்தில், யாழினி கதவுக்குப் பின்னால். அன்றைக்கு நடந்ததை யாழினியும், பின்னாளில் மாமாவுமே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதல் செட் ஆறுக்கு ஒன்று என்று செர்பியாக்காரருக்கு. மாமா தலைகால் புரியாமல் இருந்த நேரத்தில் அக்கா சொல்லியிருக்கிறாள்.

"ஏங்க, வலது கை மரத்துப் போவுது. நாக்கு வேற கொழறுது."

"ஒரே எடத்துல உக்காந்தா மரக்கத்தான் செய்யும். அசையாத குழலி. நல்லா போயிட்டிருக்கு."

அவள் அசையவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்னதைக் கேட்டே பழகியவள்.

இரண்டாவது செட் போனது. மூன்றாவதில் ஒரே ஒரு கேம் முடிவேனா என்று இழுத்தது. அக்கா சுவரில் சாய்ந்து தலை தொங்கிக் கிடந்தாள். நான்காவது செட் கைக்கு வந்ததும் மாமா திரும்பிப் பார்த்து, "தூங்கு தூங்கு, எடம் மாறாம இருந்தா போதும்" என்றாராம்.

கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் இழுத்து, ஐந்தாவது செட்டில் அந்தப் பையன் ஜெயித்துவிட்டான். மாமா டிவியை அணைத்துவிட்டு, "எந்திரி, எல்லாம் போச்சு" என்றார். அக்கா எழவில்லை. வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் ஜாக்கெட்டை நனைத்திருந்தது. கண் திறந்திருந்தது. எவ்வளவு நேரமாகத் திறந்திருந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஸ்ரீரங்கத்திலிருந்து நான் பைக்கில் அடித்துப் பிடித்துக்கொண்டு தில்லை நகர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டர் மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"கடைசியா எப்ப நல்லா பேசினாங்க? சரியா சொல்லுங்க. நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா மூளையில அடைச்ச ரத்தக்கட்டியக் கரைக்க ஊசி இருக்கு. அதைத் தாண்டிப் போட்டா மூளையில ரத்தம் கசிஞ்சிடும்."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"இப்பத்தான் சார். ஒரு மணி நேரம் இருக்கும்."

வாய் கூசாமல் சொன்னார். ஊசி கிடைக்கட்டும் என்று சொன்னாரா, அவமானத்துக்குப் பயந்து சொன்னாரா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"பொய் சொல்லாதீங்கப்பா" என்றாள் யாழினி. "சார், ஃபர்ஸ்ட் செட்லயே கை மரத்துப் போவுதுன்னு அம்மா சொன்னாங்க. எனக்கு உள்ள கேட்டுச்சு. அப்பா அசையாதன்னு சொல்லிட்டாங்க."

டாக்டருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவரும் அந்த மேட்ச் பார்த்திருந்தார். "ஃபர்ஸ்ட் செட்டா?" என்று மட்டும் கேட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நர்ஸிடம், "ஊசி வேண்டாம்மா" என்றார்.

மாமாவை அங்கேயே அடித்துப் போட்டுவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. யாழினி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா பிழைத்தாள். பிழைத்தாள் என்பது விசாரிப்பவர்களுக்குச் சொல்கிற பேச்சு. வலது பக்கம் செத்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மாமா வேலையை விட்டுவிட்டு அவரே குளிப்பாட்டுகிறார், ஊட்டுகிறார், மலஜலம் எடுக்கிறார். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் நான் அவரை மன்னிக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை அங்கே போயிருந்தேன். மாமா அக்காவைப் புரட்டி முதுகில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். பேசியது கலீல் பாய், மாமாவைப் போலவே இன்னொரு டென்னிஸ் பைத்தியம். மலைக்கோட்டைப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், இப்போது துபாயில் மகன் வீட்டோடு இருக்கிறார். அக்காவுக்கு நடந்தது அவருக்குத் தெரியாது.

"சார்! நியூயார்க்ல அடிச்சிட்டாரு! இருபத்துநாலு வந்திருச்சு, மாஷா அல்லாஹ்! தங்கச்சிய அதே எடத்துலதானே உக்கார வெச்சிருந்தீங்க?"

மாமாவின் கை அக்காவின் முதுகிலேயே நின்றது.

"இல்ல பாய்" என்றார். "யாரும் எங்கயும் உக்காரல. அவராவே ஜெயிச்சிருக்காரு."