பொண்ணு பாக்குற நடை

வள்ளிமயிலுக்கு வலது கால் சூம்பின கால். மூன்று வயதில் வந்த காய்ச்சல், போகும்போது சும்மா போகாமல் அந்தக் காலின் சத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விட்டது. அதனால் என்ன? இடைசெவலுக்குக் கிழக்கே, கரிசக்காட்டுக்கு நடுவில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் இடது காலாலேயே மிஷினை மிதித்து, சுத்துப்பட்டுப் பொம்பளைகளுக்கெல்லாம் ரவிக்கை தைக்கிறவள் அவள்தான். புருஷன் பேர் கடற்கரை, செம்மறி ஆடு வைத்திருக்கிறான். மாமியார் மீனாட்சியம்மாள் வாய் ஓயாத மனுஷி.

வள்ளிமயிலுக்கு ஆசை ஒன்றே ஒன்று. பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்து, நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அரசாங்கம் ஸ்கூட்டர் கொடுக்கிறதே, அது வேணும். அதில் ஏறிக் கோவில்பட்டி பஜாருக்குப் போய் நூலும் லைனிங் துணியும் தன் கண்ணால் பார்த்து வாங்கணும். இப்போதெல்லாம் பைக்கில் போகிறவர்களிடம் சொல்லித்தான் விடுகிறாள். கிளிப்பச்சை கேட்டால் பாசிப்பச்சை வரும். கேட்டால், ரெண்டும் பச்சைதானே மதினி என்பார்கள்.

ஸ்கூட்டருக்கு மனுப் போட முதலில் மாற்றுத்திறனாளி அட்டை வேணும். அதில் ஊனம் நாற்பது சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இந்தக் காலுக்கு நாற்பது என்ன, அதுக்கு மேலேயே போடுவார்கள் என்றுதான் ஊர் சொன்னது. ஆனால் அட்டைக்காக நடத்தின மருத்துவ முகாமில் அவளுக்குக் கிடைத்தது முப்பது.

டாக்டர் மேல் குத்தம் சொல்ல முடியாது. கண்டதைத்தான் எழுதினார். தப்பு முழுக்க இவர்கள் வீட்டுத் தப்பு. பெரிய ஆட்கள் முன்னால் போய் நிற்கும்போது அலங்கோலமாய்ப் போகலாமா என்று மீனாட்சியம்மாள் மருமகளுக்குக் கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிவிட்டாள். தலை நிறையப் பிச்சிப்பூ. கையில் ஒரு பையில் ஆப்பிள் பழம், கருப்பட்டி மிட்டாய். நிச்சயதார்த்தத்துக்குப் போகிற மாதிரி மூன்று பேரும் போய் இறங்கினார்கள்.

நடந்து காட்டும்மா என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தை போதும். வள்ளிமயிலுக்குப் பொண்ணு பாக்க வந்த நாள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அவளுடைய அம்மா அன்றைக்காகவே அவளுக்கு ஒரு நடை பழக்கியிருந்தாள். வலது தொடையை அழுத்திப் பிடிக்கிற கையை முந்தானைக்குள் மறைக்கணும். கொசுவம் தரையைத் தொடணும். இடுப்பைக் கொஞ்சம் வளைத்து, மெதுவாய், தரையைப் பார்த்துக்கொண்டே காபித் தட்டோடு வரணும். வந்தவர்கள், என்ன அமரிக்கையான நடை என்று மெச்சினார்களாம். வெளி ஆள் முன்னால் அவளுக்கு வேறு நடையே வராது என்று ஆகிப்போனது. முகாமிலும் அதையேதான் நடந்தாள். காலைக் காட்டச் சொன்னபோது கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் தூக்கவும் இல்லை.

மேல்முறையீட்டு மனுப் போட்டார்கள். தூத்துக்குடியில் மருத்துவக் குழு மறுபடி விசாரிக்கும், இன்ன தேதிக்கு வாங்க என்று கடிதம் வந்தது. இதுதான் கடைசி வாய்ப்பு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பிறகென்ன, வீட்டில் ஒத்திகை ஆரம்பமாகிவிட்டது. மீனாட்சியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து, ஸ்டெதாஸ்கோப்புக்குப் பதிலாக மருமகளின் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு டாக்டர் ஆனாள். கடற்கரை கம்பவுண்டர். பக்கத்து வீட்டு இசக்கிமுருகன் மனுக்களில் கரைகண்டவன் என்று பேர். கிழிந்த சேலை கட்டணும், முட்டில் கட்டுப் போடணும், நடுவில் ஒரு தடவை விழுந்தே ஆகணும் என்று வரிசையாக யோசனை சொன்னான். எப்படி விழணும் என்று விழுந்தும் காட்டி, நிஜமாகவே முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான்.

மாமியார் அவனை அதட்டினாள். "ஏலே, இல்லாததையா கேக்கப் போறோம்? இருக்குறத மூடி மறைக்காம நின்னாப் போதும்லே. அதுதான் இவளுக்கு வரமாட்டேங்குது."

உண்மைதான். நட என்றால் காபித் தட்டு நடைதான் வருகிறது. கை தானாக முந்தானைக்குள் போகிறது. கடற்கரை ஒரு வேலை செய்தான். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஆட்டுக்குட்டியைத் தையல் அறைக்குள் விட்டுவிட்டான். அது வெட்டி வைத்திருந்த ரவிக்கைத் துணியில் வாயை வைத்ததோ இல்லையோ, வள்ளிமயில் எழுந்தாள். தொடையை ஒரு கையால் அழுத்தி, உடம்பு ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நிமிர, விறுவிறுவென்று வாசல் வரைக்கும் குட்டியைத் துரத்தினாள். அங்கே எல்லாரும் கைதட்டினார்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, அன்னம் மாதிரி திரும்பி வந்தாள். மீனாட்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

விசாரணை நாளில் நூல் சேலை, ஒரு துண்டுப் பூ, அவ்வளவுதான். தூத்துக்குடி ஆபீஸ் வராந்தாவில் கூட்டம். வள்ளிமயில் இத்தனை விதமான நடைகளை ஒரே இடத்தில் பார்த்ததே இல்லை. ஒருவர் கட்டையை ஊன்றித் தாண்டித் தாண்டி வந்தார். ஒரு பொம்பளை கையில் செருப்பை மாட்டிக்கொண்டு தரையோடு நகர்ந்து வந்து, வழி விடுங்கப்பா வண்டி வருது என்றாள். யாரும் யாரையும் வெறித்துப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் குருசாமி, எட்டயபுரத்துக்காரர், இரண்டு கக்கத்திலும் கட்டை. எத்தனை சதவீதம் என்று கேட்டார். முப்பது என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

"அடப்பாவமே, பத்து மார்க்குல பெயிலா? மறுகூட்டலுக்கு வந்திருக்கியாக்கும். எனக்கு எண்பது தாயி. பத்தாங்கிளாஸ்ல இந்த மார்க் வாங்கியிருந்தா எங்கப்பா என்னைத் தலையில வச்சு ஆடியிருப்பாரு."

வராந்தாவே சிரித்தது. அந்தச் செருப்புக்காரம்மா, எனக்குத் தொண்ணூறு, மாவட்டத்துலயே முதல் என்று சட்டைக் காலரைத் தூக்குகிற மாதிரி சேலையைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். வள்ளிமயிலுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் உள்ளேயிருந்து அவள் பேரைக் கூப்பிட்டார்கள்.

சிரித்த வாயோடு எழுந்தாள். தொடையை அழுத்திப் பிடித்தாள். சாய்ந்து நிமிர்ந்து, வீட்டில் அடுப்படிக்கும் மிஷினுக்கும் போகிற அதே போக்கில் வாசல் வரை போய்விட்டாள். உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். கை முந்தானையைத் தேடியது. ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு முந்தானையை எடுத்து இடுப்பில் இறுக்கிச் செருகினாள். கையைத் தொடையிலேயே வைத்துக்கொண்டு அறைக்குள் நடந்தாள். அவ்வளவு நீளமான அறை.

நடுவில் இருந்த டாக்டரம்மா பழைய காகிதத்தைப் புரட்டினார்கள். போன தடவை நன்றாக நடந்ததாக எழுதியிருக்கே என்று கேட்டார்கள்.

"அது பொண்ணு பாக்க வந்தவுகளுக்கு நடக்குற நடை டாக்டரம்மா. எங்கம்மா சொல்லிக்கொடுத்தது. இதுதான் என் நடை."

டாக்டரம்மா முதலில் புரியாமல் பார்த்தார்கள். பிறகு புரிந்து சிரித்தார்கள். மாப்பிள்ளை கிடைச்சாச்சா என்று கேட்டார்கள். வெளியேதான் நிக்குதாவ என்றாள் வள்ளிமயில். மற்ற இரண்டு பேரையும் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, கட்டிலில் படுக்க வைத்தார்கள். இந்தத் தடவை அவளே கொசுவத்தை முழங்காலுக்கு மேலே தூக்கினாள். டாக்டரம்மா இரண்டு காலையும் அளந்தார்கள், அமுக்கினார்கள், தள்ளச் சொன்னார்கள். இடது காலால் அவள் தள்ளிய வேகத்தில் டாக்டரம்மாவின் நாற்காலியே பின்னால் நகர்ந்தது. மிஷின் மிதிக்கிற காலும்மா அது என்று அவள் மன்னிப்புக் கேட்கும்படி ஆகிவிட்டது.

வெளியே வந்தபோது மீனாட்சியம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். வள்ளிமயில் உடனே சொல்லவில்லை. மாமியாரின் முகம் போகிற போக்கைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, "அம்பது, அத்தை" என்றாள்.

குருசாமி கட்டையைத் தரையில் தட்டி, பாஸ், பாஸ் என்று வராந்தாவுக்கே அறிவித்தார். ஆப்பிளும் மிட்டாயும் இல்லையே என்று மாமியாருக்கு ஒரே வருத்தம். கடற்கரை ஓடிப்போய் ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூன் வாங்கிவந்தான். எல்லார் கையிலும் ஒன்று விழுந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ரோட்டில் நல்ல கூட்டம். வள்ளிமயில் தொடையில் கை வைத்தபடி முன்னால் போனாள். பின்னால் அம்மாவுக்கும் மகனுக்கும் சண்டை. ஸ்கூட்டர் வந்தால் முதலில் பின்னால் உட்காரப்போவது யார் என்று. உன்னைப் பெத்தவளுக்குத்தான் முதல் உரிமை என்கிறாள் அவள். தாலி கட்டினவன் நான் என்கிறான் இவன்.

வள்ளிமயில் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டு பேரும் பஸ்ஸுலயே வாங்க. முதத் தடவை நான் தனியாத்தான் போகப்போறேன்."