வலப்பக்கம் சாய்ந்த பாட்டு

மேசைமேல் வெள்ளைத் துவாயை விரித்து, அதில் இரண்டு ஹெட்போனையும் நௌஷாட் வைத்த பக்குவத்தைப் பார்த்தால், நாற்பது நாள் பிள்ளையைக் கிடத்துகிறான் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஒன்றின் காதுக் கிண்ணங்கள் மரத்தால் ஆனவை. தேன் நிறம், ஓரமெல்லாம் மெல்லிய தோல், தொட்டால் கை வழுக்கும். மற்றது கறுப்பு. அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. பாரமும் கூட.

"இது ஜப்பான்காரன்ட. இது ஜெர்மன்காரன்ட," என்றான் நௌஷாட். "மூணு மாசமா இந்த ரெண்டையும் வெச்சிக்கிட்டு நான் படுற பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ராவைக்கு ஒண்டு நல்லமெண்டு படுப்பன், விடிஞ்சா மற்றது நல்லமாக் கிடக்கும். எனக்கு ஏலாமப் போயிட்டு. நீங்கதான் சொல்லணும் தங்கச்சி."

பிரஷாந்தி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அப்படிப்பட்ட சாமான்களை அவள் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. செங்கலடியில் சண்டைக் காலம் முழுக்க ஓடி, பிறகு மூடப்பட்ட ஒரு சின்ன ஒலிப்பதிவு அறையில்தான் அவள் வேலை பழகினாள். அங்கிருந்த ஹெட்போனின் பஞ்சு பிய்ந்துபோய் அவளே பழைய பிளவுஸ் துணி வைத்துத் தைத்திருந்தாள். அந்த ஓட்டை ஹெட்போனோடு அவள் சேர்த்துக்கொடுத்த கண்ணகை அம்மன் பாட்டு சீடி இருக்கிறதே, அப்பப்பா, இரண்டாயிரத்து ஏழில் வந்தது, இன்றைக்கும் கிரானிலிருந்து கரடியனாறு வரைக்கும் அது பாடாத கோயில் இல்லை. ஆனால் சீடி பாடினால் ஆச்சா? இப்போது ஒரு போட்டோ ஸ்டூடியோவில் இருந்து கலியாண வீடியோவுக்குப் பாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை பூவுக்குள்ளிருந்து எழும்பி வருவார், பின்னால் பாட்டு வரவேண்டும். அலுத்துப்போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் ஏறாவூர் நௌஷாட் கத்தாரிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தான். தோஹாவில் பெரிய ஹோட்டல் மண்டபங்களுக்கு ஒலி அமைத்துக் கொடுத்தவன். சண்டை முடிந்து ஒரு வருடம் ஆகிறது, இனி ஊரில் ஏதாவது செய்யலாம் என்று பதுளை வீதியோரமாய் இந்த அறையை எடுத்திருக்கிறான். அறை ஒன்றுதான். பாடுகிறவரின் மைக்கும் பதிவு செய்கிறவரின் மேசையும் ஒரே சுவருக்குள். ஆகவே காதை நன்றாக மூடி அடைக்கிற ஹெட்போன்தான் வேண்டும். இல்லாவிட்டால் காதுக்குள் ஓடுகிற பாட்டு வெளியே கசிந்து மைக்கில் போய் விழும். திங்கட்கிழமை வந்தாறுமூலைக் கம்பஸ் பிள்ளைகள் ஒரு நாடகம் பதிய வருகிறார்கள். அதற்கு முன் ஒன்றைத் தெரிந்தெடுத்துவிட்டால் மற்றதை நௌஷாட் கொழும்பில் ஒரு கூட்டாளிக்குக் கொடுத்துவிடுவான். தெரிந்தெடுக்கிற வேலை பிரஷாந்தியுடையது. அது சரியாக நடந்தால் இந்த மேசையும் அவளுடையது. இந்த மேசைக்காக அவள் ஒரு கிழமையாய் நித்திரை கொள்ளவில்லை.

அவள் மரக் கிண்ணத்தை எடுத்து மாட்டினாள். இடது காதை மூடினாள். வலது கிண்ணத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளி எலும்பின்மேல் நிறுத்தினாள். எப்போதும் அப்படித்தான். நௌஷாட் அவளுடைய அம்மன் பாட்டையே ஓடவிட்டான். பிறகு கறுப்பை மாட்டினாள். அதிலும் இடது காதுதான்.

"என்ன மாதிரி?"

"நௌஷாட் நானா, முதல் ஒண்டுல பாடுறவ பெரிய மண்டபத்துக்கு நடுவுல நிக்கிறா. சேலையெல்லாம் பளபளக்குது. இதுல என்ட முன்னுக்குக் கதிரையப் போட்டு இருக்கா. மூச்செடுக்கக்குள்ள தொண்ட கரகரக்கிறதும் கேக்குது."

வாசலில் நின்ற சுதாகரன் சிரித்தான். அவளுடைய தம்பி. ஆட்டோ ஓட்டுகிறவன், அக்காவை ஏற்றிக்கொண்டு வந்தவன். நௌஷாட் மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய வலது காதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்டு கேட்டா கோவிக்கப்படாது தங்கச்சி. உங்களுக்கு வலது காது கேக்காதா?"

"அடக் கடவுளே!" என்றான் சுதாகரன். "நானா, இவட காதப் பத்தியா கேக்குறீங்க? நான் செங்கலடிச் சந்தியில ஆட்டோவத் திருப்பினா, திராய்மடு வீட்டுல இவ எனக்குச் சோத்தப் போட்டிருவா."

"அப்ப எனக்கு விளங்கல்ல," என்று நௌஷாட் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். பிறகு சொன்ன கதையைக் கேட்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஊரிலிருந்து போன ஒருவன் இந்த சீடியைத் தோஹாவுக்குக் கொண்டுபோயிருக்கிறான். நௌஷாட் தன் ஆசைக்கு வாங்கிய மரக் கிண்ண ஹெட்போனில் அதைப் போட்டுக் கேட்டிருக்கிறான். பாட்டு வலப்பக்கம் சாய்கிறது! மத்தளமும் தாளமும் வலது காதைப் பிய்க்கிறது. ஹெட்போன் பழுதாக்கும் என்று கடைக்குக் கொண்டுபோய்ச் சண்டை பிடித்திருக்கிறான். கடைக்காரன் வேறொன்று மாற்றிக் கொடுத்தான். அதுவும் சாய்ந்தது. இது சரிவராது என்று வேறு நாட்டுச் சாமானாகப் பார்த்துக் கறுப்பை வாங்கினான். அதுவும் அப்படியே.

"கடைக்காரன் எனக்குத்தான் காதுல ஏதோ கோளாறெண்டு கையெடுத்துக் கும்பிட்டான். அதுக்குப் பிறகுதான் யோசிச்சன். பாட்டுத்தான் சாயுது. ஒம்பது பாட்டும் ஒரே அளவாச் சாயுது. அப்ப இதச் செஞ்ச ஆளுக்கு ஒரு காது இல்ல. ஒரு காதோட இப்படி ஒரு வேலையா எண்டு எனக்கு மயிர் கூச்செறிஞ்சிட்டு. ஊருக்குப் போனா இந்த ஆளத்தான் பிடிக்கணும் எண்டு அண்டைக்கே நினைச்சன்."

பிரஷாந்திக்கு முகம் சூடானது. "எல்லாக் கோயில்லயும் போட்டாங்களே நானா. ஒருத்தரும் சொல்லல்லயே."

"கோயில் குழாய் ஸ்பீக்கருக்கு ஏது தங்கச்சி வலமும் இடமும்? எல்லாம் ஒண்டாத்தானே கொட்டும்."

அது உண்மைதான். எலும்பின்மேல் நின்ற வலது கிண்ணத்தின் சத்தம் அவளுக்குக் குறைவாகக் கேட்டது. குறைவாகக் கேட்டதைக் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறாள். ஒன்பது பாட்டிலும். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஹெட்போன் வயரை விரலில் சுற்றினாள். சுதாகரன்தான் சொன்னான்.

"அவ ரெண்டு காதையும் மூட மாட்டா நானா. நாங்க நாவலடி."

நாவலடி என்றால் போதும், அதற்குமேல் இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே மெல்லிய மணல். சுனாமி அன்று காலை முதலில் வந்தது தண்ணீர் இல்லை, சத்தம்தான். அந்தச் சத்தத்தைக் கேட்ட அம்மா, ஆயுள் முழுக்கப் பழகியதைத்தான் செய்தாள். "சண்டை தொடங்கிட்டு, படுங்க, படுங்க!" என்று கத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்க் குப்புறப் படுத்தாள். பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான் படுத்தார்கள். ஷெல் வந்தால் நிற்கக்கூடாது, நிலத்தோடு ஒட்டவேண்டும். இருபது வருடம் அவர்களின் உயிரைக் காப்பாற்றிய பாடம் அது. பிரஷாந்தி மட்டும் படுக்கவில்லை. ஷெல்லுக்கு இடைவெளி இருக்கும், விழுந்து ஓய்ந்து பிறகு அடுத்தது வரும். இந்தச் சத்தம் மூச்சே எடுக்கவில்லை. "அம்மா, இது வெடியில்ல, தண்ணி!" என்று அம்மாவின் காலைப் பிடித்து இழுத்தாள். அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "விசரி, படடி!" என்று ஏசினாள். பிறகு இழுக்க நேரமில்லை. தம்பியின் சேட்டைப் பிடித்துக்கொண்டு பின்வீட்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். அம்மா படுத்தபடியே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு காது எப்போதும் வெளியே நிற்கும். தலை முழுகும்போதுகூட வாளித் தண்ணீரை ஒரு பக்கமாகத்தான் ஊற்றுவாள்.

நௌஷாட்டுக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் தொழில்காரன், சொல்லவேண்டியதைச் சொன்னான். "உங்களக் கட்டாயப்படுத்தல்ல தங்கச்சி. ஆனா ஒரு காதால இந்த மேசையில இருக்க ஏலா. நாடகம் முழுக்க வலத்தால ஒருத்தர் வருவார், இடத்தால ஒருத்தர் போவார். ஏலாட்டி ஏலாதெண்டு சொல்லுங்க, நான் வேற ஆளப் பாக்கன். மனசில ஒண்டும் வெச்சிக்க மாட்டன்."

சுதாகரன் மூலையில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையை எடுத்துவந்து வாசலில் வீதியைப் பார்க்கப் போட்டான். அதில் அகலமாய் உட்கார்ந்தான்.

"அக்கா, நான் இதில இருக்கன். காகம் கத்தினாலும் வந்து தோளில தட்டுறன். நீ மூடு."

அவள் கறுப்பைத் தள்ளிவைத்து மரக் கிண்ணத்தை முதலில் எடுத்தாள். இடது காது. பிறகு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது காது.

ஐயோ! உள்ளே கடல் இருந்தது. கிண்ணம் காதை அடைத்ததும் எழுகிற அந்த இரைச்சல்தான், யாருக்கும் வருவதுதான். ஆனால் அவளுடைய கை அதைக் கழற்றத் தானாக மேலே போனது. கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தாள். தம்பியின் முதுகு இருந்தது. நீலச் சேட்டு, கழுத்தில் வேர்வை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நௌஷாட்டுக்குத் தலையை ஆட்டினாள். அவன் பாட்டை விட்டான்.

அவளுக்குப் பாட்டு என்றால் இதுவரை ஒரு பக்கத்தில் நடக்கிற ஒன்று. இப்போது அது அவளைச் சுற்றி எழும்பியது. பாடுகிறவள் நெற்றிக்கு நேரே நின்றாள். புல்லாங்குழல் இடப்புறம் தூரத்தில், வயலுக்கு அப்பால் வாசிக்கிற மாதிரி. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நடுவே இடம் இருந்தது, நடந்துபோகலாம் போல அவ்வளவு இடம். இதையா நான் செய்தேன் என்று அவளுக்கு அழுகை வந்தது. பிறகு வெட்கமும் வந்தது, ஏனென்றால் பாட்டு சாய்ந்துதான் இருந்தது, நௌஷாட் சொன்னது அத்தனையும் உண்மை. நாலாம் பாட்டில் பாடுகிறவள் மூச்சுக்கு நிறுத்துகிற இடத்தில் தூரத்தில் ஒரு பறை தும் என்று விழுந்தது. அடடா, எவ்வளவு ஆழமான பறை! ஆனால் பறை அடித்தவர் யார்? அந்தப் பாட்டில் பறையே இல்லையே.

கறுப்பை மாட்டினாள். இந்த முறை இரண்டு கிண்ணமும் சரியாகக் காதில் உட்கார்ந்தன. அதே இடத்துக்குப் பாட்டைக் கொண்டுவந்தாள். மண்டபம் போய்விட்டது. பளபளப்பும் போய்விட்டது. பாடுகிறவள் கதிரையில் இருந்தாள், அவளுடைய வளையல் ஒருதரம் மைக் கம்பியில் பட்டது, சுவருக்கு வெளியே ஒரு நாய் குரைத்தது. பிறகு அந்தச் சத்தம். பறை இல்லை. காய்ந்த, தட்டையான, பின்னால் எதிரொலி இழுபடுகிற சத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. அந்தப் பாட்டைப் பதிந்த பின்னேரம் அவளுக்கு அப்படியே ஞாபகம் வந்தது. மேற்கே காட்டுப்பக்கம் ஷெல் அடித்துக்கொண்டிருந்தார்கள். பாடுகிறவள் நிறுத்தட்டுமா என்று கண்ணால் கேட்டாள். பிரஷாந்தி வெளியே நின்ற காதால் அளந்து பார்த்து, தூரம்தான், பாடுங்க என்று கையைக் காட்டினாள். வலது காது கேட்டது, மைக்கும் கேட்டது, பிறகு ஓட்டை ஹெட்போனில் பாட்டைச் சேர்த்த இடது காதுதான் கேட்கவில்லை. இத்தனை வருடமாய் அம்மன் கோயில்களெல்லாம் ஷெல்லையும் சேர்த்துத்தான் பாடியிருக்கின்றன.

மரக் கிண்ணம் அந்த ஷெல்லைப் பறையாக்கித் தந்தது. பொய்தான், ஆனால் என்ன வடிவான பொய்! காதலிக்கிறவர்களுக்கும் தூர தேசத்தில் தனியே படுக்கிறவர்களுக்கும் அது நல்லது. மேசையில் இருக்கிறவளுக்குக் கறுப்புத்தான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவள் யாரையும் கேட்காமல் கம்ப்யூட்டரில் அந்தப் பாட்டின் வலப்பக்கத்தைக் கொஞ்சம் குறைத்தாள். போதாது. இன்னும் கொஞ்சம். மத்தளம் மெல்ல நகர்ந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. பாட்டு நிமிர்ந்தது. அடுத்த பாட்டுக்குப் போனாள், அதற்கடுத்ததற்கும். எவ்வளவு நேரம் போனது என்று அவளுக்குத் தெரியாது.

"தம்பி, கேட்டியா?" என்று திரும்பினாள்.

கதிரை வெறுமையாக இருந்தது. அறையில் நௌஷாட்டும் இல்லை.

அவள் எட்டிப் பார்த்தாள். வாசலுக்கு அப்பால், வீதிக்கு எதிர்ப்பக்கம், தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள். சுதாகரன் கையில் பாதி வடை. மற்றக் கையை வீசி வீசி ஏதோ கதை அளந்துகொண்டிருந்தான், நௌஷாட் தொடையில் அடித்துச் சிரித்தான். காவலுக்கு இருந்த ஆளைப் பாருங்கள்! எவ்வளவு நேரமாய் அங்கே இருக்கிறானோ. இவ்வளவு நேரமும் அவளுக்காக ஒருவரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று வாசலை மறைத்துக்கொண்டு போனது. கதிரை அதிர்ந்து ஓரடி நகர்ந்தது, புழுதி அறைக்குள் வந்தது. பாட்டைத் தாண்டி ஒரு சின்ன உறுமலும் அவளை எட்டவில்லை. வலது கை கிண்ணத்தைப் பிடித்தபடி அங்கேயே நின்றது. டிப்பர் போய்விட்டது. வீதி இருந்தது, கடை இருந்தது, தம்பியும் இருந்தான்.

அவன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். அக்காவைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டு துள்ளி எழும்பினான். வடையை வாங்கிலேயே போட்டுவிட்டு வீதியோரத்துக்கு வந்து, இரண்டு கையையும் வாயில் குவித்து ஏதோ கத்தினான். பயந்திட்டியா என்று கேட்டானோ, தேத்தண்ணி வேணுமா என்று கேட்டானோ, வாய் அசைவதுதான் தெரிந்தது. திரும்பவும் கத்தினான். பிரஷாந்தி இரண்டு கிண்ணத்தையும் இரண்டு கையாலும் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"கேக்கல்ல!" என்று சிரித்துக்கொண்டு கத்தினாள். "எனக்கு ஒண்டுமே கேக்கல்லடா!"