ஐந்து வாரப் பட்டினி

புழு வளர்ப்புத் தட்டை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. புழுக்களுக்குத் தீனியாகப் பரப்பியிருந்த பாக்டீரியாப் படலம் துளி மிச்சமில்லை. மாமியாரின் இடுப்பு அறுவை சிகிச்சைக்காக ஐந்து வாரம் விடுப்பில் போனபோது, வாரம் ஒருமுறை புதுத் தட்டுக்கு மாற்றச் சொல்லி ஆய்வக உதவியாளரிடம் ஒப்படைத்திருந்தாள். நேரம் தவறாத மனிதர். எல்லோருக்கும் அவர் ‘கடிகாரம்’. பேத்தி பிறந்த குஷியில் கடிகாரம் நின்றுபோயிருந்தது.

“திட்டிரும்மா,” என்றார். “திட்டிட்டேன்னா நான் போய் ஒரு டீயாவது குடிப்பேன்.”

அவள் திட்டவில்லை. இதே புழுக்களில் கொஞ்சம் உறைபெட்டியில் எடுத்து வைக்காதது அவள் தப்பு. இந்த வகைப் புழு வேறெங்கும் கிடையாது. சாதாரணப் புழு என்றால், குஞ்சுப் பருவத்தில் பட்டினி வந்ததும் வாயை அடைத்து, தோலை இறுக்கிக்கொண்டு மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். அதற்கு உத்தரவு போடும் மரபணுவைத்தான் அவள் உடைத்திருந்தாள். உடைந்தாலும் வேறு வழி கண்டுபிடிக்கும், கொஞ்சம் தாமதமாகும் என்பது அவள் கட்சி. ஒரு வாரம் மட்டும் பட்டினி போட்டு, சோப்புக் கரைசலில் சோதித்ததில் ஒன்றும் பிழைக்கவில்லை. இந்த வெள்ளிக்கிழமையோடு ஆய்வை மூடிவிடலாம் என்று பேராசிரியை சொல்லிவிட்டார்.

அவள் சோப்புக் கரைசலை எடுத்துத் தட்டில் ஊற்றினாள்.

“ஏம்மா, செத்ததைக் குளிப்பாட்டுறியா?”

“வாயை மூடிட்டிருந்தா சோப்பு உள்ள போகாது, அண்ணே. பாத்துருவோம்.”

அரை மணி நேரம் ஆக வேண்டும். அதுவரை பேத்தியின் படங்கள் நாற்பதையும் பொறுமையாகப் பார்த்தாள்; மூக்கு தாத்தாவுடையதுதான் என்று ஒப்புக்கொள்ளவும் செய்தாள்.

நுண்ணோக்கியில் பெரும்பாலானவை குச்சிபோல விறைத்துக் கிடந்தன. ஓரத்தில் ஒரு நூல் நெளிந்தது. பக்கத்தில் இன்னொன்று. எண்ணியபோது பதினொன்று.

வேறு யாருடைய புழுவாவது வழி தவறி வந்திருக்குமோ என்று அவர் மெல்லக் கேட்டார். அவள் அறை விளக்கை அணைத்து நீல ஒளியைப் போட்டாள். அடையாளத்துக்காக அவளே வைத்திருந்த பச்சை மினுக்கம் பதினொன்றின் தொண்டையிலும் இருந்தது.

கம்பி முனையால் ஒவ்வொன்றாக எடுத்துப் புதுத் தட்டில் விட்டாள்.

“மேடத்தைக் கூப்பிடட்டுமா?”

“சாப்பிடட்டும் அண்ணே. பந்தியில ஆள் வந்து நின்னா அதுங்களுக்குக் கூச்சமா இருக்கும்.”

மூன்று மணி நேரம் கழித்து இருவரும் மாறி மாறிக் குனிந்து பார்த்தார்கள். தீனிப் படலத்தின் விளிம்பில் ஒரு புழு தலையைப் பதித்திருந்தது. இத்தனை வாரம் அசையாதிருந்த அந்தப் பச்சைத் தொண்டை ஒருமுறை சுருங்கியது. விரிந்தது. மறுபடியும் சுருங்கியது.