குருவிக்கு வந்த புது வேலை

கூடைப்பந்து ஆட்டத்தின் நடுவில் கேப்டனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. வேறு வழியில்லாமல் கோச், ஆட்டத்தை நடத்தும் அவளுடைய இடத்தில் குருவியை இறக்கினார். அணிக்குப் புதியவளான குருவிக்குத் தெரிந்ததெல்லாம் தூரத்திலிருந்து கூடைக்குள் எறிவதுதான். பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியவள், தானே எறிந்தாள். மறுபடியும் எறிந்தாள். இரண்டுமே வெளியே போயின.

கோச் தலையில் அடித்துக்கொண்டு டைம்அவுட் கேட்டார்.

"ஏம்மா, பந்தைக் கொடுன்னு தொண்டை கிழியக் கத்துறேனே, காதுல விழலையா?"

"விழுது சார். யாருக்குக் கொடுக்கறது? எல்லாரும் நின்னு என்னையே வேடிக்கை பார்க்கறாங்க."

கோச் மற்ற நால்வரையும் முறைத்தார். "ஏன் ஓடல?"

"நீங்கதானே சார் சொன்னீங்க, குருவி கைக்குப் பந்து போனா ஒதுங்கி நில்லுங்கன்னு," என்றாள் அவர்களில் உயரமானவள்.

பெஞ்சில் காலை நீட்டியிருந்த கேப்டன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது அவ எறியற ஆளா இருந்தப்போ! இப்ப ஓடித் தொலைங்க!"

ஓடினார்கள். குருவி கொடுத்த பந்துகளில் பாதி எதிரணியிடம் போனது, பாதி கூடைக்குள் போனது. ஆட்டத்தில் தோற்றுத்தான் போனார்கள்.

"அடுத்த ஆட்டத்துக்கும் இவதானா சார்?" என்றாள் கேப்டன்.

"வேற யாரு இருக்கா? நீ முதல்ல காலைப் பாரு," என்று எரிந்து விழுந்த கோச், பந்தை எடுத்துக் குருவியிடம் வீசினார். "வா, இன்னொரு தடவை கொடுத்துப் பழகு."